உடைமரத்தை வெட்டிக் கட்டிய மேட்டுப்பாத்தி

மாடசாமியின் ஆடுகளுக்குச் சேரவேண்டிய கோடைத் தீனியை வெட்டிச் சாய்த்து, நான் காய்கறித் தோட்டம் போட்டேன். தெரிந்தேதான் செய்தேன்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. வருடாவருடம் கோடையில் மாடசாமி அங்கே ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். ஆட்டுப்புழுக்கை என் நிலத்துக்கு. வரப்போரத்து முள்மரமான உடைமரத்தில் காய்த்து உதிரும் நெற்று அவர் ஆடுகளுக்கு. வெறும் வாய்ப்பேச்சுதான், ஆனால் ஒருமுறையும் பிசகியதில்லை.

தாவரவியல் ஆசிரியராக ஓய்வுபெற்ற எனக்கு முழங்கால் வலி. 'குனியாமல் காய் பறிக்கலாம், உள்ளூர் மரத்திலேயே இடுப்பளவு மேட்டுப்பாத்தி கட்டலாம்' என்றது செல்போனில் பார்த்த வீடியோ. உடனே உடைமரம் நினைவுக்கு வந்தது. (மாடசாமியும் வந்தார். அவரை ஒதுக்கிவிட்டேன்.) நெற்று பிடிக்கும் நேரத்தில் ஆள் விட்டு வெட்டினேன்.

உடைமரத்தில் நேரான கட்டையே கிடையாது என்பது வெட்டிய பிறகுதான் இந்தத் தாவரவியல் மேதைக்குத் தெரிந்தது. நான்கு பாத்திகளும் குடைசாய்ந்த மாட்டுவண்டிகள் போல நின்றன.

"இதுல என்ன நட்டாலும் கோணிக்கிட்டுத்தான் காய்க்கும்" என்றாள் மனைவி.

சித்திரையில் மாடசாமி ஆடுகளோடு வந்தார்.

"சார்வாள், மரத்தை எங்க?"

"காத்துல சாஞ்சிட்டு."

அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். "காத்து ரம்பத்தோடல்லா வந்திருக்கு!"

நான் அடிமரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"மழைக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு. இதுகளை எங்கன கொண்டு மேய்க்க?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் தொரட்டிக் கம்போடு கிளம்பி, பக்கத்து நிலத்துக்காரர்களிடம் கெஞ்சி, அவர்களுடைய மரங்களில் நெற்று உலுக்கினேன். கிடைத்தது அரைச் சாக்கு நெற்று, உடம்பு நிறைய முள். வேட்டி மரத்திலேயே தங்கிவிட்டது.

மாடசாமிதான் முள்ளைப் பிடுங்கினார். "இது நாலு குட்டிக்கு ஒரு நேரத்துக்குக் காணும். அசையாதீங்க சார்வாள், இன்னும் இருக்கு."

வேறு வழியில்லை. தோட்டத்துப் படலைத் திறந்துவிட்டேன். தட்டாம்பயறு, அவரை, கீரை எல்லாம் போயின. நான் குனியாமல் பறிக்கக் கட்டிய உயரம் ஆடுகளுக்கு அளவெடுத்தது போல இருந்தது. ஒன்றுகூடக் குனியவில்லை.

வெட்டிய இடத்தில் இரண்டு உடைக் கன்றுகள் வைத்திருக்கிறேன். அவை நெற்று விடும்வரை பாத்திகளில் ஆட்டுத் தீவனம் மட்டும்தான். மாடசாமி மறுபடி கிடை போடுகிறார்.

"சார்வாள் இப்ப என்ன செய்யுதாங்க?" என்று வீட்டுக்கு வரும் யாராவது கேட்டால், மனைவி என்னை வாய் திறக்க விடுவதில்லை.

"ஓட்டல் நடத்துதாங்க. நல்ல கூட்டம். ஆனா நாலு கால் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க."