என்னை ஆமையாக்கிய சூரை மாஸ்டர்

மனித குலத்தை இரண்டே இரண்டாகப் பிரித்துக் கணக்கை முடித்துவிட்ட ஒரே மனிதர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் நீச்சல் சொல்லிக்கொடுத்த சூரை மாஸ்டர்தான். அவரைப் பொறுத்தவரை நீங்கள் சூரை மீன், இல்லாவிட்டால் கடல் ஆமை. மூன்றாவதாக ஒரு பிராணி பூமியில் பிறக்கவே இல்லை.

இத்தனைக்கும் மனுஷன் கடலே இல்லாத எங்கள் ஊரில், பிரேசர் டவுன்காரர். கடலைப் பார்த்ததெல்லாம் யூடியூபில். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, சூரையும் ஆமையும் அச்சடித்த ஒரு பிளெக்ஸ் பேனரை நீச்சல் குளத்துக் கரையில் கட்டி, தினமும் காலை ஆறு மணிக்கு எங்களுக்குப் பிரசங்கம் செய்வார்.

"பாரு சார், சூரைக்கு பவர் பூரா வால்ல. நின்னுச்சுன்னா மூச்சு நின்னு செத்துடும். அதனால ஆயுசு பூரா ஓடிக்கினே இருக்கும். ஆமை அப்படி இல்ல. முன்னங்கையாலயே தண்ணியைத் தள்ளும். மூச்சு வேணும்னா மேல வந்து வாங்கிக்கும். அவசரமே கெடையாது."

புதிதாகச் சேருபவரை நிற்கவைத்து, டெய்லர் மாதிரி ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். சூரை என்று சொல்லிவிட்டால் காலை மட்டும் உதைக்க வேண்டும். ஆமை என்றால் காலை மறந்துவிட்டுக் கையை வீச வேண்டும். அப்பீல் கிடையாது. முதல் மாடி டாக்டரம்மா ஆமை, அவர் கணவர் சூரை. "அதான் சார் வூட்ல ஒத்துப்போவல" என்று இருவர் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

என்னைப் பார்த்ததும் மாஸ்டர் முகம் மலர்ந்தது. "அடாடா! நடுவுல பெருத்து, கடைசில சிறுத்து, அப்படியே சூரை பாடி சார் உனக்கு!" நாற்பத்து நான்கு வயதில் என் தொப்பையைப் பாராட்டிய முதல் ஆள். அந்தச் சந்தோஷத்தில் மூன்று மாதம் உதைத்தேன். சூரை வாயைத் திறந்துகொண்டே நீந்தும் என்று வேறு சொல்லித் தொலைத்தாரா, நானும் திறந்தேன். குளத்தில் பாதி என் வயிற்றுக்குள் போனது.

மூன்று மாதமாகியும் பெரியவர்கள் பேட்சில் ஒருவரும் அக்கரை சேரவில்லை. அசோசியேஷன் செக்ரெட்டரி கன்னடக்காரர், தமிழிலும் நன்றாகத் திட்டுவார். "ஏன்ரீ மாஸ்டர், இது கிளாஸா, ஃபிஷ் மார்க்கெட்டா? ஞாயித்துக்கிழமை கமிட்டி வரும். ஒருத்தராவது இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசிக்குப் போகணும். இல்லாட்டி வேற கோச் பாத்துக்கறோம்."

மாஸ்டருக்கு இருந்தது இந்த ஒரே வேலை. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினார். "என் சூரை போவும்."

போனேன். ஞாயிற்றுக்கிழமை பாதிக் குளத்தில் கால் ஓய்ந்தது. தண்ணீர் மூக்கில் ஏறியது. போச்சு, நம்மால் அந்த மனுஷன் பிழைப்பும் போச்சு என்று முங்கும்போது கரையில் ஒரே கூச்சல்.

"உதைக்காத ராஜா! நீ சூரை இல்ல! நான்தான் தப்பா சொல்ட்டேன்! ஆமை, ஆமை! கையை வீசு! மேல வந்து மூச்சு வாங்கு!"

கமிட்டி மொத்தமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, மாஸ்டர் தன் சாஸ்திரத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆமை மாதிரி வீசிக்கொண்டு கரையோரமாக என்கூடவே வந்தார். வீசினேன். தலையைத் தூக்கி மூச்சு வாங்கினேன். மறுபடி வீசினேன். கமிட்டியில் இரண்டு பேர் நடுவில் எழுந்துபோய் காபி குடித்துவிட்டே வந்துவிட்டார்கள். ஒருவழியாக அக்கரைச் சுவர் கையில் தட்டியது.

"இது ஸ்விம்மிங்காரீ? சும்மனே மிதந்து வந்தார்!" என்றார் செக்ரெட்டரி.

"வந்தேனா இல்லையா? மாஸ்டரை அனுப்பிட்டீங்கன்னா நான் இந்தத் தண்ணியை விட்டு ஏறவே மாட்டேன்!" என்று கத்தினேன். செக்ரெட்டரி பயந்துபோய், சரி, மாஸ்டரே இருக்கட்டும் என்று எழுந்துவிட்டார்.

மாஸ்டர் காதில் இதெல்லாம் விழவே இல்லை. கரையில் மண்டிபோட்டு, தோளில் கிடந்த துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே, "மூச்சு வருதா ராஜா? நல்லா வருதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.