இன்று என்ன நாள் தெரியுமா?

வாசகரே, காலை நாலரை மணிக்கு உங்கள் போன் சிணுங்கினால் பதறாதீர்கள். ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அது நூறு இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆகியிருக்கும். ‘வரலாற்றில் இன்று’ வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குகிற இனம் ஒன்று நம்மிடையே பெருகிவருகிறது. அவர்களுக்குத் தேதியார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தேதியார் இல்லாத ஊர் இல்லை. எங்கள் போடிக்கு வாய்த்தவர் ஜெபகுமார் அண்ணன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிறார். நீங்கள் பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனாலும், மதுரை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியும் பையுமாக ஓடினாலும், ஏலக்காய் விலை விழுந்துவிட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாலும், அவர் உங்களைக் கேட்பது ஒன்றுதான். “இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?” தெரியாது என்றால் சொல்வார். தெரியும் என்றாலும் சொல்வார்.

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார். “ஏப்ரல் பதினஞ்சா மாப்ளே? டைட்டானிக் கப்பல் முங்கின நாளாச்சே!” துக்க வீட்டையும் விடுவதில்லை. போன மே ஐந்தாம் தேதி முத்துப்பாண்டியின் அப்பா இறந்துபோனார். ஜெபகுமார் அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தொட்டு, “குடுத்து வச்ச மனுசன்டா உங்கப்பா. நெப்போலியன் செத்த நாள்ல போயிருக்காரு” என்றார். முத்துப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவரு எந்த ஊருண்ணே?” என்று கேட்டான்.

பிறந்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஜீப்பு டிரைவர் சின்ராசு பிறந்தது பிப்ரவரி பன்னிரண்டு. லிங்கனும் டார்வினும் பிறந்ததும் அன்றுதான், அதுவும் ஒரே வருடத்தில். “மூணு பேருடா நீங்க!” என்று அவனுக்குக் கை கொடுத்தார். அன்று முழுக்கப் போடிமெட்டுக்கு ஆள் ஏற்றும்போது சின்ராசு ஒருவரையும் அதட்டவில்லையாம்.

இதுவரை சிரிக்கலாம். இனி ராக்குவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ராக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படுதா வாங்கக் கடைக்கு வந்தாள். வாங்கியவள் போகவில்லை.

“அண்ணே, எல்லா நாளும் நீங்க அறிஞ்சவருங்கிறாக. நான் என்னைக்குப் பொறந்தேன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கண்ணே.”

விஷயம் இதுதான். வீட்டில் விட ஆளில்லாமல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன மூன்று வயதுப் பிள்ளையை, தலைக்கணக்குக்கு ஆள் குறைகிறது என்று வாத்தியார் ஐந்து வயதாக எழுதிச் சேர்த்துக்கொண்டார். பிறந்த தேதி? பள்ளி திறக்கும் ஜூன் ஒன்று. அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்த நாள். இப்போது ஏட்டுப்படி ராக்குவுக்கு ஐம்பத்தெட்டு ஆகப்போகிறது. அது ஆனதும் வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் பவித்ராவுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மேனேஜர் நல்ல மனிதர். “முதலாளி கேக்காத வரைக்கும் நானா சொல்லமாட்டேன். அதுக்குள்ள ஏதாச்சும் பேப்பர் கொண்டா” என்றிருக்கிறார்.

ஜெபகுமார் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடையாளம் ஏதும் இருக்கா ஆத்தா?”

“மண்ணு சரிஞ்சு மூணு நாளா மலைரோட்டுல வண்டி ஓடல. அதுல ரெண்டாம் நாளு பொறந்தேன்னு எங்காத்தா சொல்லும்.”

அவர் போனைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். கடைசியில் சொன்னார்: “அது எந்தத் தேதின்னு மட்டும் சொல்லு. அன்னைக்கு என்னென்ன நடந்துச்சுன்னு நான் சொல்லிர்றேன்.”

“அது தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்குண்ணே வர்றேன்?”

அவருக்கு மனசு கேட்கவில்லை. தேதியாருக்கும் மனசு உண்டு. ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தவர் ராக்குவைத் தன் பக்கம் திரும்பச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஜூன் ஒன்றாம் தேதி விடியும்போது ‘ஏலமலை நண்பர்கள்’ குழுவில் பூப்போட்ட வாழ்த்து வந்தது. இடப்பக்கம் அன்று பிறந்த நடிகை நர்கிஸ், வலப்பக்கம் அன்றே பிறந்த மர்லின் மன்றோ, நடுவில் படுதாவோடு ராக்கு. கீழே, ‘இன்று 58ஆம் அகவை நிறைவு காணும் எங்கள் உழைப்புச் சுடர்!’

அந்தக் குழுவில் முதலாளியும் இருக்கிறார். முதல் ஆளாகக் கைகூப்பினார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டார். “அந்தம்மாவுக்கு அம்பத்தெட்டு ஆயிருச்சாமே? மரியாதையா அனுப்பி வைங்க.” மரியாதைக்குக் குறைவில்லை. மறுநாளே ஏலக்காய் மாலை போட்டு, சால்வை போர்த்தி, அனுப்பிவைத்தார்கள்.

அதற்கு மறுநாள் ராக்கு கடைக்கு வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடக் கடையில் இருந்த எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“வேலை போச்சுண்ணே.”

“என்னைக்கு ஆத்தா?”

“நேத்து.”

பழக்கம் விடுமா? “ஜூன் ரெண்டு… இங்கிலாந்து ராணி முடிசூட்டிக்கிட்ட நாளு” என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ராக்கு கேட்டாள்: “அந்தம்மாவ எத்தன வயசு வரைக்கும் வேலையில வச்சிருந்தாகண்ணே?”

அதுவும் தேதியாருக்குத் தெரியும். தொண்ணூற்றாறு. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவரைத் திட்டத் தயாராகிவிட்டீர்களா? பொறுங்கள். அன்று ராக்குவை வாழ்த்தியவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். அது அவள் பிறந்த நாளே இல்லை என்று அதில் ஒருவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். அவன் இரண்டு கேக் படம் அனுப்பினான். அவன்தான் இதை எழுதுகிறான்.

நீங்கள் மட்டும் என்னவாம்? இதை முடித்ததும் உங்கள் பிறந்த நாளில் வேறு எந்தப் பெரிய மனிதர் பிறந்தார் என்று தேடத்தானே போகிறீர்கள்? தேடுங்கள், யாராவது கிடைப்பார். அதை நாலு பேருக்கு அனுப்பலாமே என்று விரல் தானாக நகரும் பாருங்கள், அப்போது ஜெபகுமார் அண்ணன் கடையில் உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டாகிவிட்டது. பக்கத்து ஸ்டூல் என்னுடையது.