கல்யானைகள் தண்ணீர் பொழியும் அறை

பொன்வாயில் என்றொரு நாடு. அந்த நாட்டு அரண்மனையைப் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. மன்னர் கீர்த்திவாகனர் பெரிய மனது பண்ணி, தம் முன்னோர் படுத்த, குளித்த, சாப்பிட்ட அறைகளையெல்லாம் குடிமக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டார். "இது உங்கள் அரண்மனை" என்று வாசலில் எழுதியும் வைத்தார். செருப்பை மட்டும் வெளியே விட வேண்டும்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. மனுக் கொடுக்க வருபவர்கள் எல்லா அறைகளையும் பார்த்த பிறகே கொடுக்கலாம். ஒவ்வொரு அறையிலும் கூட்டம் "அடடா" என்று சொன்னால்தான் அடுத்த அறையின் கதவு திறக்கும். குறையோடு வருகிறவர்கள் மனம் குளிர்ந்து மனுக் கொடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

கல்மேட்டுத் தெருவிலிருந்து பூவாத்தாள் வந்தாள். தெரு வாய்க்கால் வற்றிப்போயிருந்தது. வீட்டில் பிள்ளை பெற்ற மகள் படுத்திருக்கிறாள். வெந்நீர் வைக்கவும் தண்ணீர் இல்லை. காட்சித்துறை அமைச்சர் தருமநேசரே அன்று கூட்டத்தை அழைத்துப் போனார். தந்தக் கட்டிலையும் கண்ணாடி பதித்த ஊஞ்சலையும் கண்டு பூவாத்தாள் மனதாரவே "அடடா" என்றாள். அவற்றைச் செதுக்கிய கைகளை யாராக இருந்தாலும் கும்பிடத்தான் தோன்றும்.

அடுத்தது ராணியின் குளியலறை. "பார்வையாளர் வருகிறார்கள், திறந்துவிடுங்கள்!" என்று ஒரு காவலன் கத்தினான். சுவரெங்கும் நின்ற கல்யானைகளின் தும்பிக்கைகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகு.

"ஏனுங்க சாமி, இந்தத் தண்ணி எங்கிருந்துங்க வருது?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"கல்மேட்டுத் தெரு வாய்க்காலிலிருந்து, அம்மணி," என்றார் தருமநேசர். "முன்பெல்லாம் காலையில் சிறிது நேரம் திறந்தால் போதும். தண்ணீர் குறைகிறதென்று உங்கள் தெருவார் மனுவோடு வரத் தொடங்கினார்கள், கூட்டம் பெருகிவிட்டது. வந்தவர்களுக்கு வெறும் கல்லையா காட்டுவது? பகல் முழுவதும் திறந்துவிடச் சட்டம் செய்தோம். அதன்பின் பக்கத்துத் தெருக்களும் வரத் தொடங்கிவிட்டன. இப்போது இரவிலும் திறக்கிறோம்."

"அப்ப ஒருத்தருமே வரலீன்னா?"

"மூடிவிடுவோம். ஆளில்லாத அறையில் நீரை வீணாக்க இது என்ன பொறுப்பில்லாத அரசா?"

பூவாத்தாள் மனுவைக் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினாள். தெருத்தெருவாகப் போய்ச் சொன்னாள்: "ஆரும் அரமணப் பக்கம் போகாதீங்க. மனுவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." யாரும் போகவில்லை. சில நாளில் வாய்க்காலில் கணுக்காலளவு தண்ணீர் வந்தது. பூவாத்தாள் மகளுக்கு வெந்நீர் ஊற்றினாள். அந்தத் தெரு அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அரண்மனையில் தருமநேசர் மன்னரிடம், "பிரபு, ஒரு மனுகூட வரவில்லை," என்று பணிந்து சொன்னார்.

மன்னர் அரியணையிலிருந்து எழுந்துவிட்டார். "குறையே இல்லாத நாடாக்கிவிட்டோமா! இதைக் கொண்டாடாமல் விடலாமா? எல்லோரையும் அழைத்து வாருங்கள். யானைகள் இரவு பகலாகப் பொழியட்டும்."

மறுநாள் விடிவதற்குள் வாய்க்கால் காய்ந்துவிட்டது. வெயில் ஏறியதும் கல்மேட்டுத் தெருவுக்கு மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டி நிறையக் குடங்கள். குடம் நிறையத் தண்ணீர். ஒவ்வொரு குடத்திலும் மன்னரின் சிரித்த முகம் வரைந்திருந்தது. வண்டியில் ஏறி அரண்மனைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு இலவசம் என்று வண்டிக்காரர் அறிவித்தார்.

"ஏறாதீங்க! ஏறுனா நாளைக்கும் தண்ணி வராது!" என்று பூவாத்தாள் குறுக்கே நின்று கத்தினாள்.

சனங்கள் அவளைப் பார்த்தார்கள். குடத்தையும் பார்த்தார்கள். அப்போது அவள் வீட்டுக்குள் குழந்தை வீறிட்டு அழுதது. "அம்மா, எனக்குப் பால் ஊறவே மாட்டேங்குது. குடிக்கத் துளி தண்ணி இல்லியா?" என்று மகள் உள்ளிருந்து கேட்டாள்.

பூவாத்தாள் வண்டிக்காரரிடம் போய், தணிந்த குரலில் கேட்டாள்.

"குடம் வூட்டுக்கு ஒண்ணுங்களா, ஆளுக்கு ஒண்ணுங்களா?"

"ஆளுக்கு ஒண்ணும்மா."

"கைக்கொழந்தைக்கு?"

"அதுவும் ஒரு ஆளுதானேம்மா."

பூவாத்தாள் வீட்டுக்குள் போனாள். பேரனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.