நெய் வேண்டாமென்ற மாப்பிள்ளை

மாமனார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். இலையில் விழுவதைச் சாப்பிட வேண்டும். அவனுக்குப் பாடத் தெரியவேண்டாம், பேசத் தெரியவேண்டாம், புத்திகூட அவ்வளவாக வேண்டாம். அந்த ஒரு வேலையையும் கெடுத்துக்கொண்டவன், எனக்குத் தெரிந்து திருவனந்தபுரத்தில் நான் ஒருவன்தான்.

யுத்தகாலம். நான் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. கரமனையில் அம்மாவும் நானும். வைகாசியில் எனக்கும் வலியசாலை விசாலத்துக்கும் கல்யாணம் ஆயிற்று. ஆனதும், "தீபாவளி கழிஞ்சு நல்ல நாள் பார்த்துக் கொண்டு விடறோம்" என்று பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கரமனைக்கும் வலியசாலைக்கும் நடுவே அப்படியொன்றும் தூரமில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினால் வாயில் சிவப்பு ஏறுவதற்குள் போய்விடலாம். ஆனால் கூப்பிடாமல் மாப்பிள்ளை போகக்கூடாது.

போகக்கூடாதே தவிர, வழியில் அந்தத் தெரு வந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆபீஸ் விட்டதும் கிழக்கேகோட்டைப் பக்கம் இறங்கி, சாலைக் கடைத்தெருவில் ஏதாவது காய்கறி வாங்கிக்கொண்டு, வலியசாலை வழியாகத் திரும்புவேன். (கையில் காய்கறி இருந்தால் வேலையாகப் போகிறவன் மாதிரித் தெரியும் என்று எண்ணம்.) அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வெள்ளரிக்காய் அழுகியது. பலன், மரக்கம்பி அழியிட்ட ஜன்னலுக்குள் விளக்கேற்றும் ஒரு கை. சில நாள் அதுவும் மாமியாருடையது.

ஆவணியில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண், நகம், தலையணை உறை எல்லாம் மஞ்சள். எங்கள் தெருக்களுக்கெல்லாம் ஒரே டாக்டரான நாயர் வந்து பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில், "நெய் தொடப்படாது. எண்ணெய், தேங்காய், பாலாடை ஒண்ணும் படாது. நான் சொல்லும்வரை கஞ்சி மதி, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது.

அம்மாவுக்கு வேறு கவலை. "வலியசாலையிலே ஒருத்தருக்கும் தெரியப்படாது, கேட்டியா" என்றாள்.

"ஏன்?"

"அந்தக் குழந்தை கழுத்திலே தாலி ஏறி நாலு மாசம் ஆகல்லே. அதுக்குள்ளே நீ படுத்துட்டேன்னா, பொண்ணு வந்த ராசிம்பா. ஆயுசுக்கும் அவ தலையிலேயாக்கும் அது இருக்கும்."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன். ஆபீஸ் வேலையாக நாகர்கோவில் போயிருப்பதாக அம்மா வலியசாலைக்குச் சொல்லிவிட்டாள். நாகர்கோவிலில் இருந்த நான் படுக்கையில் கிடந்தபடி, இன்று ஜன்னலில் யார் விளக்கு ஏற்றியிருப்பார்கள் என்று உத்தரத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்குள் மஞ்சள் வடிந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் நெய்க்குத் தடை நீக்கவில்லை. தலை தீபாவளிக்கு அழைப்பு வந்தது. போகவேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். யமனே கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாலும் போயிருப்பேன்.

விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்திலேயே பயம் பிடித்துக்கொண்டது. உச்சியில் வைத்த நல்லெண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல், வழிய வழியத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பலகாரத் தட்டு வந்தபோது ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாமனார், கோர்ட்டில் சிரஸ்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டில்தான் வினை முற்றியது. இலையைச் சுற்றி நீர் விடும் பரிசேஷணத்துக்கு முன்னால் நெய் வார்க்க மாமியார் வந்தாள். இலைக்கு மேல் கையைக் குடை மாதிரிப் பிடித்தேன்.

"நெய் வேண்டாம்."

பந்தி முழுவதும் என் இலையைத் திரும்பிப் பார்த்தது. நல்ல நெய் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம் அது. மாமியார் மாதக்கணக்கில் மோர் கடைந்து, வீட்டில் யாருக்கும் ஒரு சொட்டு விடாமல் எனக்கென்று சேர்த்து உருக்கிய நெய். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சைக்கிள் வேணுமாக்கும்" என்றார் மாமனாரின் தம்பி, ரகசியமாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

"மோதிரம் லேசா இருக்குன்னு மனசிலே பட்டிருக்கும்" என்றாள் யாரோ ஒரு அத்தை.

மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளைக்கு என்ன குறைன்னு சொன்னா, நமக்குப் பரிகாரம் செய்யலாம்."

"ஒரு குறையும் இல்லை. நெய்தான் வேண்டாம்" என்றேன். உண்மையைச் சொல்பவன் முகத்தில் தெரியவேண்டிய எதுவும் என் முகத்தில் தெரிந்திருக்காது. கோர்ட்டில் பொய்ச் சாட்சிகளையே பார்த்துப் பழகிய மனிதர் நம்பவில்லை. அடுக்களைக்குள் கிசுகிசுப்புக் கேட்டது. பிறகு, கடைசி அஸ்திரமாக விசாலத்தையே நெய்ப் பாத்திரத்தோடு அனுப்பினார்கள்.

கல்யாணத்தன்று ஹோமப் புகைக்கு நடுவே பார்த்தது. அதற்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான். புதுப்புடவை மொடமொடக்கக் குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்: "நெய் வேண்டாமா, இல்லே நான் வேண்டாமா?"

நான் கையை எடுத்தேன்.

அவள் விட்டாள். சாதம் குளித்தது. பிறகு போளிக்கு நெய். தேங்காய்ப்பால் பிரதமன் பாயசம் இரண்டு தரம். பந்தியில் உயிர் வந்தது. மாமனார் சிரிக்கக்கூடச் செய்தார். ஒவ்வொரு கவளத்தையும் விசாலத்துக்குப் பதில் சொல்வதாக நினைத்து விழுங்கினேன். மாதக்கணக்காகக் கஞ்சி குடித்த நாக்குக்கு அந்த நெய் எப்படி இருந்தது என்று மட்டும் என்னால் இன்றும் எழுத முடியாது.

சாப்பாடு ஆனதும், மாப்பிள்ளையின் மனத்தாங்கல் தீர்ந்த சந்தோஷத்தில் மாமனார் தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, "நமஸ்காரம் பண்ணி வாங்கிக்கோங்கோ" என்றார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். சாஷ்டாங்க நமஸ்காரத்தில் முதலில் தரையில் அழுந்துவது வயிறு என்பதை அன்றுதான் கவனித்தேன். போளி, பிரதமன், மாதக்கணக்கில் சேர்த்த நெய் எல்லாவற்றையும் மாமனாரின் பாதங்களிலேயே சமர்ப்பித்தேன். பாதம் மட்டும் என்றால் கழுவியிருக்கலாம். புது மயில்கண் வேஷ்டி வேறு.

கூடத்தில் பாயில் கிடத்தினார்கள். டாக்டர் நாயருக்கு ஆள் போயிற்று. அவர் உள்ளே நுழைந்து என்னைப் பார்த்ததுமே, "இந்த மஞ்ஞப்பித்தக்காரனுக்கு நெய் கொடுத்தது ஆர்?" என்று கேட்டுவிட்டார். அம்மா இத்தனை நாள் காப்பாற்றிய ரகசியம் அத்தனை பேர் நடுவில் உடைந்தது.

மாமனார் வேஷ்டி மாற்றிக்கொண்டு விசாரணைக்கு உட்கார்ந்தார். "காமாலை கண்ணிலே. நெய் வயித்திலே. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கேட்டு வாங்கினார். எண்ணெய் மேலே மிதந்தது. ஆட்டினார். கலைந்து, மறுபடி மேலே வந்து நின்றது.

"கண்டோ? தண்ணியிலே நெய் சேராது. குடலிலே கொழுப்பை அறுக்கிற ரசம் உண்டு. ஆனா இத்தனை பெரிய பாளத்திலே அதுக்கு மேலே மேலே தொடத்தான் முடியும்." பிறகு துணி துவைக்கும் சோப்பைச் சுரண்டிப் போட்டு ஆட்டினார். டம்ளர் பால் மாதிரி வெளுத்தது. "இப்போ எண்ணெய் பொடிப்பொடித் துளியாச்சு. ரசம் எல்லாத் துளியையும் பிடிச்சுக்கும். அறுத்ததை அப்புறம் குடல் சுவரிலே கொண்டு சேர்க்கவும் இந்தச் சோப்பு வேணும். ஈரல் உண்டாக்கும் பித்தநீரிலே இந்த மாதிரி உப்பு உண்டு. இவனுக்கு ஈரல் வீங்கி, அது சரியா இறங்கல்லே. சோப்பில்லாத வயித்திலே நெய்யைக் கொட்டினா பின்னே எந்து செய்யும்?"

"அந்த உப்பு தினம் தினம் செலவாறதா?" என்றார் மாமனார்.

"இல்லை. வேலை முடிஞ்சா குடலின் கடைசியிலே முக்காலே மூணு வீசமும் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே போகும். அதே உப்பு மறுபடி இறங்கும்."

ரேஷன் காலத்து மனிதர். முகம் மலர்ந்துபோயிற்று. "நல்ல ஏற்பாடு" என்றார். என் உடம்பில் அவர் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான்.

டாக்டர் என் கீழிமையை விரலால் இழுத்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது. கதவோரம் நின்ற விசாலத்தைக் கூப்பிட்டு, "மோளே, இங்கே வந்து பாரு. மஞ்சள் உண்டா?" என்றார்.

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

"மஞ்சளில்லே, டாக்டர்" என்றாள். "அழுதிருக்கார்."

வாந்தி எடுத்தால் யாருக்கும் கண்ணில் நீர் வரும் என்று நான் சொல்லியிருக்கலாம்.

உடம்பு தேறும்வரை என்னை அசைக்கக்கூடாதென்று டாக்டர் உத்தரவு போட்டார். ஆகவே அதே கூடத்தில், நெய்யில்லாத கஞ்சியை விசாலம் கொண்டுவந்து வைக்க, மாமனார் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து காவல் காக்க, என் தலை தீபாவளி கார்த்திகை வரை நீண்டது. (இவ்வளவு நீண்ட தலை தீபாவளி வலியசாலையில் யாருக்கும் வாய்த்ததில்லை.) அம்மாவும் மாமியாரும் முதலில் முறைத்துக்கொண்டார்கள். ராசி விஷயம் தெரிந்ததும் மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு வழக்கம். இலையில் நெய் விடுமுன் விசாலம் கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். எனக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கு, பிறகு வந்த மாப்பிள்ளைகளுக்கு எல்லோருக்கும். பம்பாயிலிருக்கும் பெரிய மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வந்து உட்கார்ந்ததுமே கண்ணாடியைக் கழற்றி, "பாருங்கோ அம்மா" என்று முகத்தை நீட்டினான். கதை முன்னதாகவே பம்பாய் போய்ச் சேர்ந்திருந்தது.

இப்போது அவளும் பம்பாயில்தான் இருக்கிறாள், பெண்ணின் பிரசவத்துக்காக. மாதங்கள் ஆகின்றன. நெய்யை நானே விட்டுக்கொள்கிறேன். ஜீரணத்துக்கு ஒரு குறையும் இல்லை, ருசிதான் போதவில்லை. போன வாரம் ட்ரங்க் காலில் மாப்பிள்ளை அவளைப் பேசவைத்தான். குழந்தையின் நிறத்தைச் சொன்னாள், மழையைச் சொன்னாள். பிறகு, பக்கத்தில் எல்லோரும் சிரிப்பது கேட்க, "கண்ணு எப்படி இருக்கு?" என்றாள்.

"மஞ்சளில்லே" என்றேன்.

மீதிப் பாதியை அவளே சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. "சரி, இந்த மாசக் கடைசிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்றேன்" என்றாள்.