இரும்பையாவும் நெளிந்த சைக்கிளும்

ஊரார் அவளுக்கு இட்ட பெயர் நிதானம். பள்ளி வேன் ஓட்டுபவள். ஏறுமுன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூடியையும் தட்டிப் பார்ப்பாள். கடைசிப் பிள்ளை பெல்ட்டு மாட்டும் வரையில் சாவியைத் திருப்பமாட்டாள். "நாப்பதைத் தாண்டமாட்டேன்" என்பது அவள் வாய்ப்பாடு. பின்னால் வருவோர் ஹாரன் அடித்துக் கை சோர்வாரேயன்றி, அவள் அசைந்ததில்லை.

அத்தகையவளின் வேன், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில், சோபாக்கடை முதலாளியின் காரோடு மோதிற்று. "பிரேக்கே போடாம வந்து இடிச்சுட்டா" என்றார் அவர். "நான் மிதிச்சேன். மிதிக்காதது அவருதான்" என்றாள் இவள். பள்ளித் தலைமையாசிரியர் படித்தவர். ஆகவே, இரும்பையாவிடம் கேட்போம் என்று முடிவு செய்தார். குற்றம் அவளுடையதாயின் வேன் சாவி பறிபோகும்.

இரும்பையா யாரென அறியாதார் இருப்பின் அவர்கள் பேறு பெற்றவர்கள். மூடிக்கிடந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் அவர் அருள்பாலித்து வந்தார். மோதிய வண்டிகள், மோத அஞ்சிய வண்டிகள், மோதியதை மறைக்க வந்த வண்டிகள் என வரிசை தெருமுனை வரை நீளும். ஐயா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்துக்கொள்வார். இரும்பு அவரிடம் மட்டும் பேசுமாம், ஆனால் கூச்சமுடையதாம். உள்ளே சிறிது முனகல். பிறகு, "அறுபத்தெட்டுல வந்தே! பெல்ட்டு போடலே!" என்று முழங்குவார். சொன்னது சரியாயிருக்கும், கூட்டம் வாய் பிளக்கும். பேசிய இரும்பை எவரும் கண்டதில்லை. கண்டது போர்வையை மட்டுமே. கணவன் வண்டி எப்படி இடித்ததென்று மனைவி கேட்டுப் போவாள். மறுநாள் கணவன் வந்து, அடுத்த முறை வண்டி வாய் திறவாதிருக்க "வாய்க்கட்டு" போட்டுப் போவான். இரு பக்கமும் காணிக்கை.

ஐயா இரு வண்டியிலும் அமர்ந்து எழுந்தார். "வேன் பிரேக்கைத் தொடவே இல்லை. கார் பாவம், கதறிக்கிட்டு நின்னுச்சு" என்றார். முந்தின நாள்தான் ஐயாவின் அறையில் புதுச் சோபா ஒன்று வந்திறங்கியிருந்தது. இரும்புக்கும் மெத்தைக்கும் என்ன உறவு என்று கேட்பாரில்லை.

"சாவியைக் குடுத்துடுங்கம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"நாளைக்குத் தரேன் சார்."

வழக்கம்போல் வேனை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஸ்டியரிங்கின் அடியில், அவள் தட்டிப் பார்த்து மூடி வைத்திருந்த சிறு மூடி திறந்து கிடந்தது.

மறுநாள், முன்சக்கரம் நெளிந்த சைக்கிள் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தாள். உடன் அவள் தம்பி. அங்கேயே நின்ற வேனுக்கும் காருக்கும் பக்கத்தில் தலைமையாசிரியரும் முதலாளியும் காத்திருந்தனர்.

"ஐயா, இதுவும் இரும்புதானே? என்ன நடந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க."

ஐயா ஹேண்டில்பாரின் அடியில் தடவினார். சீட்டின் அடியில் தடவினார். தேடியது அகப்படவில்லை. "இது சின்ன இரும்பும்மா..."

"சின்னதுக்கு வாய் கிடையாதா?"

வரிசையிலிருந்த லாரி டிரைவர் கத்தினார்: "போர்வையைப் போடுங்க ஐயா, வெக்கப்படுது போல!"

வேறு வழியின்றிப் போர்த்து, முனகி, வெளிவந்தார். "உன் தம்பி வேகமா வந்தான். பயந்து முன் பிரேக்கைப் பிடிச்சான். இரும்பு அழுவுது!"

"நான் ஓட்டவே இல்லையேங்க" என்றான் தம்பி. "பூட்டிச் செவத்துல சாத்தியிருந்தேன். மாடி வீட்டுல பீரோ இறக்கும்போது கயிறு அறுந்து இது மேல விழுந்துச்சு."

"என் பீரோதான்" என்று வரிசையிலேயே ஒருவர் கை தூக்கினார். அவரும் வாய்க்கட்டுக்கு வந்தவர்.

சிரிப்பு அடங்குமுன் லாரி டிரைவர் போர்வையை இழுத்தார். உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று ஒயரோடு தரையில் விழுந்தது. வரிசையிலிருந்த மெக்கானிக் அதைப் பொறுக்கினார். "இவ்வளவுதானா? கார், வேன்ல எல்லாம் ஒரு பெட்டி இருக்கு. மோதும்போது கடைசிச் சில விநாடிக்கு வேகம், பிரேக்கு, பெல்ட்டு எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சுக்கும். ஸ்டியரிங்குக்கு அடியில ஒயர் சொருகினா சொல்லிடும்."

"யார்கிட்ட சொல்லும்?" என்றாள் நிதானம்.

"ஒயர் வெச்சிருக்கிறவன்கிட்ட."

எல்லாருக்கும் எதிரில் அதைச் சோபாக்கடை முதலாளியின் காரில் சொருகினார். பிரேக்கு மிதிபடவேயில்லை. முதலாளி சிவந்தார்: "என் வண்டி! என்னைக் கேக்காம எழுதி வைக்க அது யாருய்யா?"

கேள்வி நியாயமானது, கேட்ட வாய்தான் பொருத்தமில்லை. பெட்டி பொய் சொல்லாது. அதைப் படிப்பவன் சொல்வான். ஆகவே, படிக்கும்போது பத்துப் பேர் எட்டிப் பாருங்கள். போர்வையை இழுக்கப் பட்டம் வேண்டாம். இரண்டு விரல் போதும்.

பிறகு வேனில் சொருகினார். கருவியின் திரையை மெக்கானிக்கும் நிதானமும் மட்டுமே பார்த்தனர். பிரேக்கு மிதிபட்டிருந்தது. வேகம் ஐம்பத்துமூன்று.

"அக்கா," என்று அவர் கிசுகிசுத்தார், "கேட்டது பிரேக்கைத்தானே? மத்தது நமக்குள்ள இருக்கட்டும்."

அவள் வாய்க்கட்டு வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின் சாவியை எடுத்துத் தலைமையாசிரியரின் கையில் வைத்தாள்.

"பிரேக்கு போட்டேன் சார். ஆனா அம்பத்திமூணுல வந்தேன். ரெண்டையும் வெச்சு முடிவு பண்ணுங்க."