சங்கக்கா போட்ட சத்தம்

கள்ளக்குறிச்சி சுத்துப்பட்டுலயே வலிய வலின்னு வாய்விட்டுச் சொன்ன ஒரே பொம்பள எங்க சங்கக்காதான். மத்தவங்கல்லாம் பல்லக் கடிச்சிக்கினு இருந்தவங்க. நானும் அப்ப அந்த வகைதான், அதுல எனக்குப் பெருமையும் ஜாஸ்தி.

அக்காவோட சொந்தப் பேரு யாருக்கும் தெரியாது. கரும்பு வெட்டுற எங்க கூட்டத்துல, ஆலைச் சங்கு மாதிரி கத்தும்னு அந்தப் பேரு. கரும்புச் சோகையோட காஞ்ச எல கையில ஒரு கீறு போட்டாப் போதும், தியாகதுருகம் கோட்டையில தூங்குற கொரங்குகூட எழுந்து ஒக்காந்துக்கும். ஒருநாள் கால்ல முள்ளு ஏறிச்சு. அக்கா போட்ட சத்தத்துல, மத்தியானச் சங்கு ஊதிட்டாங்கன்னு பக்கத்துக் கொல்லை ஆளுங்க கத்தியப் போட்டுட்டு சோத்துத் தூக்குச் சட்டியத் தொறந்துட்டாங்க. அப்பத்தான் வெயிலே ஏறுது.

மேஸ்திரி ஓடியாந்தாரு. "இன்னாம்மா, ஒரு முள்ளுக்கா இந்தக் கத்து?"

"முள்ளு உள்ள போச்சுங்க மேஸ்திரி. வலி வெளிய வரணுமில்ல? வாய விட்டா வேற வழி இருந்தாக் காட்டுங்க."

கத்தி முடிச்சதும் முள்ளப் புடுங்கிப் போட்டுட்டு, எங்களுக்கு முன்னாடி வரிசைய வெட்டி முடிச்சிடுச்சு.

எனக்குத் தலப்பிரசவம் வந்துச்சு. மாமியா வூட்டுல பொம்பளைங்க சத்தமில்லாமப் பெத்தவங்களாம். நானும் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில முந்தானைய வாயில திணிச்சிக்கினு கெடந்தேன். விடிஞ்சும் ஒண்ணும் ஆவல, ஒடம்புல தெம்பும் இல்ல.

"இப்படி மூச்ச அடக்காதம்மா, கொழந்தைக்கு ஆவாது"ன்னாங்க நர்சம்மா.

"எங்க வூட்டு மருமவ தாங்குவா"ன்னாங்க மாமியா.

பாக்க வந்த சங்கக்கா என் மூஞ்சியப் பாத்துச்சு. வெளிய போயி சன்னலுக்குக் கீழ ஒக்காந்து, "ஐயோ இடுப்பு போச்சே"ன்னு ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்பத்திரி ஆளுங்க தள்ளுவண்டி கொண்டாந்து, நரச்ச தலையக்கூடப் பாக்காம அக்காவ அதுல ஏத்தப் பாத்தாங்க.

"ஏம்மா, உனக்கா பிரசவம்?"

"உள்ள கெடக்குதே, அதுக்குங்க. அது கத்தாதாம். யாராவது ஒருத்தர் கத்த வாணாமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கினு வந்துச்சு. என் வலிக்கு இன்னொருத்தி கத்துறதா? முந்தானையத் துப்பிட்டு, "சங்கக்கா, நிறுத்து, நானே கத்திக்கிறேன்"னு போட்டேன் பாருங்க ஒரு சத்தம். கத்தக் கத்த மூச்சு ஓடுச்சு, ஒடம்பு எளகுச்சு, கொஞ்ச நேரத்துல மவ பொறந்துட்டா. காதப் பொத்திக்கினு நின்ன மாமியாதான் மொதல்ல கையில வாங்குனாங்க.

அக்கா போயி ரொம்ப வருசம் ஆவுது. முட்டி வலிச்சா எல்லாரும் அம்மான்னு கூப்புடுறாங்க. எனக்கு 'சங்கக்கா'ன்னுதான் வருது. உரக்கக் கூப்புட்டு முடிச்சாத்தான் எழுந்து நடக்க முடியுது.