உறிஞ்சி எடுத்த உருண்டை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கத்தி வைக்காமலே வயிற்றைச் சுத்தம் செய்த ஒரு மகானின் கதை சொல்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில், ராஜபாளையத்திலிருந்து வன்னியம்பட்டிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. எல்லாரும் கருத்தப்பாண்டியிடம் 'மருந்து எடுக்க'ப் போகிறவர்கள். ஆகாதவர்கள் யாரோ சோற்றில் மந்திரித்த இடுமருந்து வைத்துவிட்டார்களாம். அது வயிற்றில் கட்டியாகக் கிடக்கிறதாம். கருத்தப்பாண்டி வீட்டுக்குள் போய் வருவார். வந்ததும் மௌனம், அதுவும் அருள்தானாம்! தொப்புளில் மூங்கில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்புவார். தோலில் ஒரு கீறல் இருக்காது. பிறகு எந்த வாசல் வழியாக அது வெளியே வந்தது? கேட்க ஆளில்லை. கும்பிடத்தான் ஆள்.

மெகராஜ் பேகம் தன் மகள் சௌதாவை மூன்றாம் முறையாகக் கூட்டி வந்திருந்தாள். பதினேழு வயது. சோற்றைக் கண்டாலே "குண்டாயிருவேம்மா" என்று அழுகிற பெண். எலும்பும் தோலுமாகி, மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. இரண்டு முறையும் உருண்டை வந்தது, பசி வரவில்லை. கருத்தப்பாண்டி சொன்ன பத்தியமோ மூன்று நாள் வெறும் வயிறு! சாப்பிடாத பிள்ளைக்குப் பட்டினியே வைத்தியம்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் வேதமணி, கருத்தப்பாண்டி வெளியே வந்ததும் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க."

வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"தண்ணியாவது குடிங்க."

தலையை ஆட்டினார். கன்னம் மட்டும் புடைத்திருந்தது.

வேதமணி மெகராஜிடம் திரும்பினாள். "யக்கா, இவியளும் வாயத் தொறக்க மாட்டேங்காவ. பாவம், இவியளுக்கு யாரு மருந்து வச்சாவளோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி!"

அவ்வளவுதான். புளியும் மயிரும் சேர்த்து உருட்டிய உருண்டை தரையில் வந்து விழுந்தது. குழலோ இன்னும் இடுப்பிலேயே செருகியிருந்தது.

மெகராஜ் உருண்டையையே வெறித்துப் பார்த்தாள். "அப்போ எம்புள்ள வயித்துல ஒண்ணுமே இல்லயா சிஸ்டர்?"

"சோறுதான் இல்லக்கா. பசிக்குது, போதும்னு மூளைக்குச் சேதி சொல்ல ஹார்மோனெல்லாம் இருக்கு. பட்டினி கெடக்கக் கெடக்க அந்தச் சேதியும் தாறுமாறாயிரும். இது பேயுமில்ல, பிள்ளைக்குத் திமிருமில்ல. சீக்கு. இதுக்கு மதுரையில டாக்டர் இருக்காவ. இன்னும் ஒரு பத்தியம் இவ தாங்க மாட்டா."

அடுத்த மதுரை பஸ்ஸிலேயே ஏறினார்கள். சௌதா ஒரு தட்டுச் சோற்றை அழாமல் சாப்பிட இரண்டு வருடம் ஆனது. ஆனாலும் பிழைத்தாள்.

கருத்தப்பாண்டி இப்போது தளவாய்புரத்துப் பக்கம் இருக்கிறாராம். அங்கேயும் கூட்டமாம். கடவுளே வந்து உறிஞ்சினாலும் சரி, முதலில் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு உலை என்றும் கொதிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நன்றாகப் பசித்து, வயிறாரச் சாப்பிடட்டும்.